கடற்கரையும் காவலும்: ரியோ டி ஜெனெய்ரோ நகரின் நீண்டதொரு விவாதம்

1

வீதி, பூங்கா, சந்தை, கடற்கரை ஆகியன எல்லோருக்கும் உரியன என்று சட்டம் கூறும். ஆயின், சட்டத்தில் எல்லோருக்கும் உரியதாயுள்ள ஓரிடம் நடைமுறையில் யாருக்கு உரியதாயிருக்கிறது என்பதைச் சட்டநூல்களைக் கொண்டு மாத்திரம் அறிந்துவிட முடியாது. அவ்விடத்துக்கு யார் வருகின்றனர், எவ்வழியாக வருகின்றனர், வருவோரை யார் மறித்து விசாரிக்கின்றனர் என்பவற்றை நோக்குமிடத்தே அது புலனாகும்.

பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனெய்ரோ நகரில், கொப்பகபானா, இப்பனேமா முதலிய கடற்கரைகளில் பொலிஸ் காவலைக் கூட்டவேண்டுமா என்ற வினா கடந்த நான்கு தசாப்தங்களாகக் கோடை காலந்தோறும் எழுந்து வந்துள்ளது. பத்திரிகைகளிலும் சட்டமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் நடைபெறும் இவ்விவாதம், களவைத் தடுப்பது பற்றியதாகவே பெரும்பாலும் முன்வைக்கப்படுகிறது. அதன் வரலாற்றை நோக்கின், வேறொரு வினாவே அதன் அடியில் ஓடுவதைக் காணலாம். கடற்கரைக்கு வரும் உரிமை யாருடையது என்பதே அவ்வினா. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கொப்பகபானா இயற்கையாக அமைந்ததோர் உல்லாசக் கடற்கரை என்று கருதுவது தவறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அது நகரிலிருந்து மலைகளால் பிரிக்கப்பட்டுக் கிடந்த மணல்வெளியே. 1892 ஆம் ஆண்டு மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைக்கப்பட்டு, அதனூடாக டிராம் வண்டி ஓடத் தொடங்கியபோதுதான் அது நகரின் பகுதியாயிற்று. டிராம் கம்பனியின் நலனும் காணித் துண்டுகளை விற்றோரின் நலனும் இவ்விடயத்தில் ஒன்றுபட்டிருந்தன. போக்குவரத்துப் பாதையே நிலத்துக்கு விலையை உண்டாக்கிற்று. நிலத்தின் விலையே அங்கு வாழத்தக்கவர் யார் என்பதை நிர்ணயித்தது.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1888 மே 13 ஆந் திகதி, பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கக் கண்டங்களில் அடிமைமுறையை இறுதியாக ஒழித்த நாடு அதுவே. விடுதலை பெற்ற மக்களுக்கு நிலமோ நட்டஈடோ வழங்கப்படவில்லை. ஆனால், 1890 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தொழிலின்றித் திரிதலையும் கறுப்பின மக்களின் கப்போயிரா என்னும் மற்கலையையும் குற்றங்களாக்கிற்று. வீதியில் நிற்கும் கறுப்பு இளைஞன், எதனையும் செய்யாதிருக்கும்போதே பொலிஸாரின் கவனத்துக்குரியவனாகும் நிலை இவ்வாறு சட்டபூர்வமான அடித்தளத்தைப் பெற்றது.

1902 முதல் 1906 வரை நகர முதல்வராயிருந்த பெரெய்ரா பாசோஸ், பரிஸ் நகரை மாதிரியாகக் கொண்டு நகரைப் புதுக்கினார். நகர மையத்தில் வறியோர் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அம்மக்கள் குன்றுகளிலும் வடபுறத்துப் புறநகர்களிலும் குடியேறினர். குன்றுகளிற் பெருகிய குடிசைக் குடியிருப்புகளே பவேலாக்கள் எனப் பெயர்பெற்றன. 1917 இல் நகராட்சி கொப்பகபானாவில் நீராடும் நேரத்தையும் உடையையும் விதித்து ஆணை பிறப்பித்தது. கடற்கரையில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அரசு கண்காணிக்கும் மரபு, மேட்டுக்குடியினர் அங்கு குடிபுகுந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கடற்கரையை அண்டிய தென்புற வலயத்தின் காணி விலை மேலும் உயர்ந்தது. அங்கிருந்த பவேலாக்களை அகற்றும் முயற்சி 1960களிலும், குறிப்பாக 1964 இராணுவச் சதிப்புரட்சியின் பின்னரும், முழுமூச்சுடன் நடைபெற்றது. லெப்லோன் கடற்கரைக்கு அண்மையிலிருந்த பிராயா டோ பிந்தோ என்னும் குடியிருப்பு 1969 மே மாதத்தில் தீக்கிரையாயிற்று; அங்கிருந்தோர் தொலைவிலுள்ள வீடமைப்புத் திட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். கடலுக்கு நடந்து செல்லக்கூடிய தூரத்தில் வாழ்ந்த மக்கள், கடலைக் காண்பதற்கு இரண்டு பஸ்வண்டிகள் ஏறவேண்டியவராயினர்.

1967 இல் ரெபூசாஸ் சுரங்கப்பாதை திறக்கப்பட்டு, வடபுற வலயமும் தென்புற வலயமும் மலையூடாக இணைக்கப்பட்டன. 1984 இல், ஆளுநர் லியோனெல் பிரிசோலாவின் முதலாவது ஆட்சிக் காலத்தில், இச்சுரங்கத்தினூடாக வடபுறத்திலிருந்து இப்பனேமாவுக்கு நேரடி பஸ் சேவைகள் தொடங்கின. வறிய மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே வண்டியிற் கடற்கரைக்கு வரலாயினர். அக்காலப் பத்திரிகைகளில் இப்பனேமாவாசிகள் சிலரின் முறைப்பாடுகள் இடம்பெற்றன. புதிதாய் வந்தோரின் உணவு, உடை, உரத்த பேச்சு ஆகியனவே அவற்றின் பொருளாயிருந்தன. கூட்டுக்களவு என்ற குற்றச்சாட்டு நாடறிந்த சொல்லாவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இவ்வெறுப்பு தோன்றிவிட்டது என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். காலவரிசை இங்கு முக்கியமானது. வெறுப்பு முதலில் வந்தது. அதற்கான காரணம் பின்னர் வந்து சேர்ந்தது.

இன்னுமொரு முரண்பாட்டையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை இதே வழிகளினூடாகவே தென்புற வலயத்து வீடுகளிற் சமைக்கும் பெண்களும், மாடிக் கட்டடங்களின் வாயிற்காவலாளரும், கட்டடத் தொழிலாளரும் வேலைக்கு வந்து செல்கின்றனர். அவர்களது வருகை யாருக்கும் அச்சமூட்டுவதில்லை. அவர்களின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை நீராட வரும்போதே அச்சம் பிறக்கிறது. உழைப்புச் சக்தியாக வருபவருக்குத் திறந்திருக்கும் பாதை, ஓய்வை நாடும் மனிதராக அவர் வரும்போது காவலுக்குரியதாகிறது. இவ்விவாதத்தின் வர்க்கத் தன்மையை இதனிலும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை எனலாம்.

4

1992 ஒக்டோபர் 18 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அர்ப்போடோர் கடற்கரையில் இளைஞர் குழுக்கள் கூட்டமாக ஓடியும் மோதியும் பெருங்குழப்பம் விளைந்தது. தொலைக்காட்சி அக்காட்சிகளை நாடெங்கும் காட்டிற்று. அந்நிகழ்ச்சிக்கு 'அரஸ்தாவோ' என்ற பெயர் நிலைத்தது.

இச்சொல்லின் வரலாறு நமது கவனத்துக்குரியது. இழுத்தல் என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்த அது, மீனவர் பலர் கூடிக் கரைக்கு இழுக்கும் வலையைக் குறிப்பது. நமது கரையோர மக்கள் கரைவலை என வழங்குவதும் இத்தகைய வலையையே. கூட்டுழைப்பைச் சுட்டிய சொல் கூட்டுக்களவைச் சுட்டுவதாயிற்று. வலையிழுத்தோரின் மொழியிலிருந்து எடுக்கப்பட்ட சொல், அவர்களையொத்த வறிய மக்களின் பிள்ளைகளைக் குற்றவாளிகளாகப் பெயரிடப் பயன்பட்டமை, மொழியும் வர்க்க அதிகாரத்துக்குப் புறம்பானதன்று என்பதை உணர்த்துகிறது.

அன்று களவே நடைபெறவில்லை என்று கூறுவதற்கில்லை. ஆயின், போட்டியுற்ற குடியிருப்புகளைச் சேர்ந்த இளைஞர் 'பங்க்' நடன அரங்குகளில் நிகழ்த்திவந்த சடங்குபூர்வமான மோதலே அன்று கடற்கரையிலும் நிகழ்ந்ததெனப் பின்வந்த ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். இந்நுட்பம் அன்றைய செய்திகளில் இடம்பெறவில்லை. அது நகர முதல்வர் தேர்தலின் இரு சுற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். கொப்பகபானாவை அடுத்த சாப்பேயு மங்கேய்ரா பவேலாவைச் சேர்ந்தவரும் கறுப்பினப் பெண்ணுமான பெனெடிட்டா ட சில்வா, தொழிலாளர் கட்சியின் வேட்பாளராக முதற்சுற்றில் முன்னணியில் நின்றார். நவம்பரில் நடைபெற்ற இரண்டாம் சுற்றில், நகரில் ஒழுங்கை நிலைநாட்டுதல் என்ற முழக்கத்தை முன்வைத்த சேசர் மாயா வெற்றிபெற்றார். கடற்கரைக் காட்சிகள் மாத்திரமே இம்முடிவை ஏற்படுத்தின என்பது மிகையாகும். எனினும், பொலிஸ் காவல் பற்றிய விவாதம் அன்று முதல் தேர்தல் அரசியலின் நிரந்தரப் பொருளாயிற்று.

5

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1988 மே 16 ஆந் திகதிய கரையோர முகாமைச் சட்டம், கடற்கரைகள் மக்களின் பொதுப் பயன்பாட்டுக்குரிய சொத்துகள் என்றும், அவற்றையும் கடலையும் எத்திசையிலிருந்தும் தடையின்றி அடையும் உரிமை எக்காலத்தும் உண்டென்றும் விதித்தது. அடிமை ஒழிப்பின் நூற்றாண்டு நிறைவுக்கு மூன்று நாட்களின் பின் இச்சட்டம் வெளிவந்தது. 1990 ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் கட்டிளம் பருவத்தினர் சட்டம், அவர்கள் பொது இடங்களுக்குச் சென்றுவரும் உரிமையை உறுதிசெய்தது. குற்றம் புரிகையில் அகப்பட்டாலன்றி, அல்லது நீதிபதியின் எழுத்துமூலக் கட்டளை இருந்தாலன்றி, அவர்களது சுதந்திரத்தைப் பறிக்கலாகாது என்றும் கூறிற்று.

2015 ஓகஸ்டில் நிகழ்ந்தவை இவ்விரு சட்டங்களையும் சோதனைக்குள்ளாக்கின. வடபுறத்திலிருந்து கடற்கரை நோக்கி வந்த பஸ்வண்டிகளைப் பொலிஸார் மறித்து, எக்குற்றமும் புரியாத இளைஞர்களை இறக்கிச் சிறுவர் காப்பு நிலையத்துக்குக் கொண்டுசென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கடற்கரையிற் களவெடுக்கக்கூடும் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. வறியோருக்கான அரச சட்ட உதவி அலுவலகம் வழக்குத் தொடுத்தது. குற்றம் புரிகையில் அகப்பட்டாலன்றி இளைஞரைப் பிடிக்கலாகாது என்று செப்டெம்பரில் நீதிமன்றம் கட்டளையிட்டது. அதே மாதம் கடற்கரைகளில் மீண்டும் களவுகள் நிகழ்ந்தன. கொப்பகபானாவாசிகள் சிலர் தாமே கூட்டமாகத் திரண்டு பஸ்வண்டிகளைத் தாக்கினர். நீதிமன்றக் கட்டளையே இதற்கெல்லாம் காரணமென ஆட்சியாளர் கூறினர். அவ்வாண்டு ஒக்டோபர் முதல், பஸ் சேவைகளைச் சீர்படுத்துதல் என்ற பெயரில், வடபுறத்தையும் தென்புறத்தையும் நேரடியாக இணைத்த சேவைகள் பல நிறுத்தப்பட்டன அல்லது குறுக்கப்பட்டன. நகராட்சி இதனைத் தொழில்நுட்ப நடவடிக்கை என்றது. புறநகர் மக்கள் வேறுவிதமாக விளங்கிக்கொண்டனர்.

2023 டிசெம்பரில் இதே நாடகம் மீண்டும் அரங்கேறிற்று. கொப்பகபானாவிற் கொள்ளைகள் நிகழ்ந்தன. தண்டனை வழங்கத் தாமே புறப்பட்ட குழுக்கள் தோன்றின. கோடைகாலப் பொலிஸ் நடவடிக்கை தொடங்கிற்று. சிறுவர் நீதிமன்றம் முற்காப்பாகப் பிடிப்பதைத் தடைசெய்தது. மாநில நீதிமன்றத்தின் தலைவர் அத்தடையை நீக்கினார். வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை அடைந்தது. 2024 பெப்ரவரியில், குற்றம் புரிகையிலன்றி இளைஞரைப் பிடிப்பதில்லை என அங்கு உடன்பாடு காணப்பட்டது. 1990 இல் எழுதப்பட்டதையே முப்பத்து நான்கு ஆண்டுகளின் பின் மீண்டும் உடன்படவேண்டியிருந்தது.

6

இவ்விவாதத்தில் முற்போக்காளர் மேற்கொள்ளவேண்டிய நிலைப்பாடு யாது? கடற்கரையில் நிகழும் களவுகள் பத்திரிகைகளின் கற்பனையே என்று கூறி ஒதுக்குவது எளிது. ஆயின் அது உண்மையன்று. கொப்பகபானாவில் வாழ்வோர் யாவரும் செல்வரல்லர். ஓய்வூதியத்தில் வாழும் முதியோர் அங்கு பெருந்தொகையினர். களவுக்கு அஞ்சுவோருள் புறநகரிலிருந்து பிள்ளைகளுடன் வரும் தாய்மாரும், சுடுமணலிற் குளிர்பானங்களைத் தோளிற் சுமந்து விற்கும் நடைவியாபாரிகளும் உளர். கூட்டம் சிதறி ஓடும்போது அன்றாட வருமானத்தை இழப்போர் இவ்வியாபாரிகளே. இவர்களிற் சிலரும் பொலிஸ் காவலைக் கேட்கின்றனர். அக்கோரிக்கையைப் பிற்போக்கெனத் தள்ளிவிடும் இயக்கம், மக்களது அச்சத்தை முழுமையாக வலதுசாரிகளிடம் ஒப்படைத்துவிடுகிறது. 1992 இல் நிகழ்ந்ததும் ஓரளவுக்கு இதுவேயாகும்.

ஆனால், அதே வியாபாரிகள் பொலிஸாரும் நகராட்சிக் காவலரும் பெருகும்போது தமது பொருட்கள் பறிமுதலாவதையும் அறிவர். 2009 இல் நகராட்சி தொடங்கிய ஒழுங்குபடுத்தும் இயக்கம், களவெடுப்போரைக் காட்டிலும் அனுமதிப்பத்திரமின்றி விற்போரையே குறியாகக் கொண்டிருந்தது. காவலைக் கேட்பவரும் காவலுக்கு அஞ்சுபவரும் பல வேளைகளில் ஒரே மனிதராயிருப்பதே இவ்விவாதத்தின் உள்முரண்பாடாகும்.

எனவே, பொலிஸார் வேண்டுமா வேண்டாமா என்று வினாவை அமைப்பதே பொருந்தாது. ஒரு செயலைக் காவல்செய்வதும் ஒரு பயணத்தைக் காவல்செய்வதும் வெவ்வேறானவை. மணலில் நின்று, களவெடுத்தவனைப் பிடிக்கும் பொலிஸ்காரன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். அவனிடம் கணக்குக் கேட்க முடியும். சுரங்கப்பாதையின் வாயிலில் நின்று, இன்னும் எதனையும் செய்யாதவனை அவனது நிறத்தையும் புறப்பட்ட இடத்தையும் கொண்டு இறக்கிவிடுபவனோ 1890 ஆம் ஆண்டின் சட்டக்கோவையையே நடைமுறைப்படுத்துகிறான். ரியோவிற் காவல் கூட்டப்பட்ட தருணங்களில் அது மணலிலிருந்து வீதிக்கு நகர்ந்தது என்பதே வரலாறு காட்டும் உண்மை. பாதை மறிக்கப்படுமிடத்து, கடற்கரை எல்லோருக்கும் உரியது என்ற சட்டவாசகம் பொருளிழக்கிறது.

கலைஞர் இவ்வுண்மையை ஆய்வாளருக்குக் குறையாத தெளிவுடன் உணர்ந்துள்ளனர். சிக்கோ புவார்க்கே 2017 இல் வெளியிட்ட 'கரவான்கள்' என்ற பாடல் புறநகர் பஸ்வண்டிகளின் வருகையையும் அதனாற் கொதித்தெழும் நகரவாசிகளையும் பொருளாகக் கொண்டது. கடற்கரையில் ஓர் அராபியன் கொல்லப்படுவதும் வெயிலே அக்கொலைக்குக் காரணமாகக் கூறப்படுவதுமான அல்பேர் கமுவின் 'அந்நியன்' நாவலை அது நினைவூட்டுகிறது. இங்கும் வெயிலின்மீது பழியைப் போடுவது எளிது. பழி சேரவேண்டிய இடம் வேறு. பஸ்வண்டி திங்கட்கிழமை தடையின்றி ஓடி, ஞாயிற்றுக்கிழமை மறிக்கப்படும் சமூக அமைப்பையே அது சாரும். தடையின்றி ஓடும் ஞாயிற்றுக்கிழமை வண்டி, கணக்குக் கேட்கக்கூடிய காவல் ஆகிய இரண்டையும் ஒருங்கே கோரும் இயக்கமே, அஞ்சும் முதியவரையும் மறிக்கப்படும் இளைஞனையும் ஓரணியிற் சேர்க்க வல்லது.