கண்ணாடிக் குழாயில் வேடமிட்ட கிருமி

தூக்கம் வராமல் தவிப்போர் பலர். ஆனால், தூக்கமே ஆளைக் கொல்லும் நோயும் உலகில் உண்டு. ஆப்பிரிக்காவில் செட்சி என்னும் ஈ கடிப்பதால் பரவும் தூக்க நோய்தான் அது. இரத்தத்தில் புகும் ஒட்டுண்ணி மூளையை அடைந்ததும் நோயாளி பகலில் உறங்குவார், இரவில் விழித்திருப்பார். சிகிச்சை இல்லையேல் பெரும்பாலும் மரணமே முடிவு. 1900-ஆம் ஆண்டு தொடங்கிய இருபது ஆண்டுகளில் உகாண்டாவில் மட்டும் இரண்டு லட்சத்திற்கும் அதிகமானோர் இந்நோய்க்குப் பலியாயினர்.

மனித இரத்தத்தில் காணப்பட்ட இக்கிருமிக்கு 1902-இல் 'டிரிபனோசோமா காம்பியன்ஸ்' எனப் பெயரிட்டவர் ஜோசப் டட்டன். கிருமி கிடைத்துவிட்டது, அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால்தானே மருந்து தேட முடியும்?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோவி, மெக்நீல் ஆகிய இருவரும் முதல் வழியைத் திறந்தனர். மலேசியச் சமையலறைகளில் பலகாரம் செய்ய உதவும் அகார் அகாருடன் முயல் இரத்தத்தைக் கலந்து, 1903-இல் எலியின் டிரிபனோசோமாவை வளர்த்தனர். மறு ஆண்டே கால்நடைகளைத் தாக்கும் 'புரூசி' வகையையும் வளர்த்துக் காட்டினர்.

ஆனால், கிருமி ஏமாற்றியது. குழாயில் வளர வளர, ஈயின் குடலில் வாழும் உருவத்திற்கு அது மாறிக்கொண்டது. நோய் உண்டாக்கும் ஆற்றலும் போயிற்று. மனிதனைக் கொல்லும் உருவம் வேறு, குழாயில் வளர்ந்த உருவம் வேறு! எனவே, எலிகளின் உடலிலேயே கிருமியைக் காப்பாற்றி வரவேண்டியதாயிற்று. அங்கும் ஒரு சிக்கல். நோயாளியின் இரத்தத்தில் காம்பியன்ஸ் மிகக் குறைவாகவே இருக்கும். சாதாரண எலிகளில் எளிதில் வளராது. எலியில் பிழைத்த கிருமிகளே ஆய்வுக்குக் கிடைத்தன. பிழைக்காதவை கணக்கிலேயே வரவில்லை.

இந்த முடிச்சு அவிழ எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1977-இல் கென்யாவின் நைரோபி நகரில், ஹிரோயுகி ஹிருமியும் அவருடைய குழுவினரும் மாட்டின் உயிரணுக்களோடு சேர்த்து வளர்த்தபோது, இரத்தத்தில் வாழும் உருவமே நோய்த்தன்மை குன்றாமல் பெருகியது. அந்த உயிரணுக்கள் என்ன தந்தன? சிஸ்டீன் என்ற சத்துப்பொருள் முக்கியமானது எனப் பின்னர் தெரிந்தது. அது ஊடகத்தில் விரைவில் கெட்டுவிடும். துணை உயிரணுக்கள் அதை மீண்டும் மீண்டும் கிடைக்கச் செய்தன. இதை அறிந்த பின், 1989-இல் ஹிரோயுகி, கசுகோ ஹிருமி இருவரும் துணை உயிரணுக்களே இல்லாத ஊடகத்தை வெளியிட்டனர்.

இதன் பயன் சிறிதன்று. 1949 முதல் பயன்பட்ட மெலார்சோப்ரோல், ஆர்சனிக் கலந்த மருந்து. அதைப் பெற்ற நோயாளிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐவர் மருந்தினாலேயே இறந்தனர். கொல்லாத மருந்து வேண்டுமானால், நோய் தரும் உருவத்தின் மீதே ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் சோதிக்க வேண்டும். அதற்கு இந்த ஊடகம் இடம் தந்தது. வாய்வழி உட்கொள்ளும் ஃபெக்சினிடசோல் மாத்திரைக்கு 2018-இல் ஐரோப்பிய மருந்து முகமையின் ஆதரவான கருத்து கிடைத்தது.

கிராமம் கிராமமாக நடந்த பரிசோதனையும் சிகிச்சையும் கைகொடுக்க, 1998-இல் ஏறக்குறைய 40,000 ஆகப் பதிவான நோயாளிகளின் எண்ணிக்கை 2018-இல் ஆயிரத்திற்கும் கீழே இறங்கியது. இருப்பினும், நோயாளியிடமிருந்து நேரடியாக எடுக்கப்படும் காம்பியன்ஸ் இன்றும் எளிதில் வளர்வதில்லை. வளர்ந்த கிருமியை மட்டும் பார்த்து, வளராத கிருமியைப் பற்றி முடிவு கட்டலாகாது என்பதே இந்த நூற்றாண்டு கால முயற்சி தரும் பாடம்.