கர்ப்பகால நோய்த்தொற்றும் குறைமாதப் பிரசவமும்

வில்லியனூர், பாகூர் பகுதிகளில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் வேலை பிரசவ அறையில் அல்ல, கர்ப்பத்தின் முதல் மாதங்களிலேயே தொடங்குகிறது.

37 வாரம் நிறைவதற்கு முன் குழந்தை பிறப்பதே குறைமாதப் பிரசவம். 2020-ல் இந்தியாவில் மட்டும் 30 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இப்படிப் பிறந்தன. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் தடுக்கக்கூடிய ஒன்று தாய்க்கு வரும் நோய்த்தொற்று.

எப்படி நிகழ்கிறது?

பிறப்புறுப்பிலுள்ள கிருமிகள் கருப்பை வாய் வழியாக மேலேறினால், உடல் அவற்றை எதிர்க்கும்போது அழற்சி உண்டாகிறது. அப்போது சுரக்கும் பொருட்கள் கருப்பையைச் சுருங்கச் செய்கின்றன. பனிக்குடமும் முன்கூட்டியே உடையலாம். சிறுநீர்த் தொற்று, சிபிலிஸ், மலேரியா ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். ஈறு நோய்க்கும் இதில் தொடர்பு காணப்பட்டுள்ளது.

சிறுநீர்த் தொற்று சில சமயம் எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல் மறைந்திருக்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை பரவும். எனவே நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

செய்ய வேண்டியவை

• கர்ப்பம் தெரிந்ததும் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். வில்லியனூர் பக்கம் இராமநாதபுரத்தில் ஜிப்மரின் ஊரக சுகாதார மையமும் உள்ளது.
• ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது.
• வெள்ளைப்படுதலில் துர்நாற்றம், அரிப்பு இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பெண் மருத்துவரையோ செவிலியரையோ கேட்டுப் பெறலாம்.
• சிறுநீரை அடக்காதீர்கள். தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள். தனக்கோ குழந்தைக்கோ பாதிப்பு வரும் என அஞ்சும் கர்ப்பிணிக்கு ரமலான் நோன்பில் மார்க்கம் சலுகை தந்துள்ளது. மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள்.
• ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். மருத்துவர் தந்ததைப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

காய்ச்சல், நீர் கசிவு, இரத்தப்போக்கு, விட்டு விட்டு வயிறு இறுகுதல், இடுப்பு வலி ஆகியவற்றில் எது வந்தாலும், இரவானாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. நேரத்தோடு சென்றால், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்கான ஸ்டீராய்டு ஊசியைப் பிரசவத்துக்கு முன்பே போட முடியும்.

கணவன்மார்களே, மாமியார்களே! "இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லிவிடாமல், அவரை அழைத்துச் செல்லுங்கள்.