ஃபிரீடன்ரைக்கின் கோல் கணக்கு: ஓர் இலக்கப் பிறழ்வும் பெலே ஒப்பீடும்

பிரேசில் கால்பந்து ஆட்டக்காரர் ஆர்தர் ஃபிரீடன்ரைக் எத்தனை கோல் போட்டார் என்ற கேள்வியை அலெஷாந்த்ரே டா கோஸ்டா 1999இல் வெளியிட்ட ‘கால்பந்தின் புலி’ தீர்த்துவைத்துவிட்டது என்பதே இன்று பரவலாக உள்ள கருத்து. ‘கொரெயோ பவுலிஸ்டானோ’, ‘ஓ எஸ்டாடோ டி சாவோ பாலோ’ ஆகிய நாளிதழ்களின் பழைய இதழ்களைத் துருவி அவர் கண்ட கணக்கு 561 ஆட்டங்களில் 554 கோல். அதுவரை உலகெங்கும் அச்சாகிவந்த 1,329 என்ற எண் இதனால் செல்லாக்காசாயிற்று. அது செல்லாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதன் இடத்தில் 554ஐ உட்காரவைத்து, பெலேயின் 1,283க்கு நேர் எதிரே நிறுத்தி, பழைய காலத்தவர் பாதி அளவுகூட எட்டவில்லை என்று முடிவு கட்டுவதை ஏற்க இயலாது. இவ்விரு எண்களும் ஒரே வகையான எண்கள் அல்ல.

1,329 வந்த வழியை முதலில் பார்க்க வேண்டும். சாவோ பாலோவில் 1909இல் ஆடத் தொடங்கிய மகனின் கோல்களைத் தந்தை ஆஸ்கர் சிறு குறிப்பேடுகளில் எழுதிவந்தார் என்பது மரபுச் செய்தி. 1918 முதல் அந்தப் பொறுப்பு பவுலிஸ்டானோ கிளப்பில் உடன் ஆடிய மாரியோ டி ஆந்த்ராடாவிடம் வந்தது. 1935 ஜூலையில் ஃபிரீடன்ரைக் கடைசியாகக் களமிறங்கியவரை, பதினேழு ஆண்டுகள், அவர் குறித்துவைத்தார். தம்மிடமுள்ள தாள்களின்படி மொத்தம் 1,239 என்று 1962இல் பத்திரிகையாளர் டி வானேயிடம் சொன்னவரும் அவரே. தாள்களைக் காட்டுமுன் ஆந்த்ராடா இறந்துவிட்டார். டி வானே தாம் கண்ணால் காணாத கணக்கை அப்படியே வெளியிட்டார். 1965இல் ஜோவோ மாசிமோவும் மார்கோஸ் டி காஸ்ட்ரோவும் எழுதிய ‘பிரேசில் கால்பந்தின் பேராளர்கள்’ நூலில் 2உம் 3உம் இடம் மாறி 1,329 ஆயிற்று. பிறகு வந்தவர்கள் நூலைப் பார்த்தே எழுதினார்கள்.

இந்த இலக்கப் பிறழ்வை எல்லோரும் அச்சுப்பிழையாகக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். 1,239க்கும் 1,329க்கும் இடையே 90 கோல் வேறுபாடு. பெலேயின் கணக்காகப் பெரும்பாலும் சொல்லப்படும் 1,283 இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில் விழுகிறது: ஒன்றைவிட 44 அதிகம், மற்றதைவிட 46 குறைவு. கின்னஸ் ஏற்ற 1,279ஐ எடுத்தாலும் நிலைமை அதுவே. அதாவது பிழையான பாடத்தின்படி பெலே ஃபிரீடன்ரைக்கைத் தாண்டவில்லை. பிழையற்ற பாடத்தின்படி தாண்டிவிட்டார். யார் முந்தியவர் என்பதை இரண்டு இலக்கங்களின் வரிசை தீர்மானித்திருக்கிறது.

1965இல் பெலேக்கு 25 வயது நிறைந்த ஆண்டு. அவருடைய இறுதிக் கணக்கு என்னவாகும் என்று நூலாசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எனவே உள்நோக்கம் தேடுவது வீண். ஆனால் பிழை நேர்ந்தது எப்படி என்பது வேறு, நிலைத்தது எப்படி என்பது வேறு. மூன்றாண்டு முன்பே வெளியான 1,239 ஏன் மங்கிப்போனது? 1977இல் பெலே ஓய்வுபெற்ற பின், 1,239 இரண்டாம் இடத்துக்குரிய எண். அதை மேற்கோள் காட்ட யாருக்கும் தூண்டுதல் இல்லை. 1,329 முதலிடத்துக்குரிய எண். பெலேக்கும் முன்னே ஒருவர் இருந்தார் என்று சொல்ல உதவும் எண். இதற்கு நேர்ச்சான்று காட்ட முடியாது. எனினும் இரு பாடங்கள் எதிரெதிரே நிற்கும்போது, படியெடுப்பவருக்குப் பயன்பட்ட பாடமே பரவும் என்பதை நான் வலுவாகவே நம்புகிறேன்.

இனி டா கோஸ்டாவுக்கு வருவோம். அவரது உழைப்பு பெரிது. ஆதாரம் காட்ட முடியாத வாய்மொழியிலிருந்து அச்சில் உள்ள சான்றுக்கு ஆய்வைத் திருப்பியவர் அவர். அவருக்கு முன் 1994இல் ஒர்லாண்டோ துவார்த்தேயும் செவெரினோ ஃபில்யோவும் ‘ஃபிரீட் எதிர் பெலே’ நூலில் 562 ஆட்டம், 558 கோல் என்று கண்டிருந்தனர். ஓர் ஆட்டமும் நான்கு கோலுமே வேறுபாடு. இந்த நெருக்கத்தைத்தான் பலரும் உறுதிப்பாடாகக் கொள்கிறார்கள். ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுத்த இரு சுவடிகள் ஒத்துப்போனால் அதை இரண்டு சாட்சிகளாகக் கொள்ளமாட்டோம். நகர நாளிதழ்களில் அச்சானதை இருவர் தனித்தனியே எண்ணினால் விடை ஒன்றாகத்தான் வரும். எண்ணியதில் தவறில்லை என்பதை அது காட்டும். அச்சேறாதது எதுவும் இல்லை என்பதைக் காட்டாது.

சராசரி விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. 554ஐ 561ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு 0.99 கோல், பெலேயின் 1,367 ஆட்டங்களில் 1,283 என்பது 0.94. கூட்டுத்தொகையில் தோற்றாலும் சராசரியில் ஃபிரீடன்ரைக் வென்றார் என்று அவருடைய அன்பர்கள் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பழைய நட்பு ஆட்டச் செய்தி பல நேரம் முடிவும் கோல் போட்டவர் பெயரும் மட்டுமே கொண்ட இரண்டு வரிதான். ஆட்டக்காரர் பட்டியல் அச்சாகாத ஆட்டத்தில் அவர் இறங்கினார் என்பதே கோல் போட்டிருந்தால்தான் நமக்குத் தெரியவரும். கோலின்றித் திரும்பிய நாள் கணக்கிலிருந்தே நழுவிவிடும். ஆகவே 0.99 சற்று வீங்கிய எண்ணாகவும் 554 சற்று ஒடுங்கிய எண்ணாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். அவ்வகை ஆட்டங்கள் எத்தனை என்பதைப் பொறுத்தது அது. 1918க்கு முந்திய ஆண்டுகளில் அவை அதிகம் என்பது என் ஊகம்.

அப்படியானால் 1,239 உண்மையாக இருந்திருக்குமா? அதையும் ஏற்க முடியவில்லை. ஆட்டத்துக்கு ஒரு கோல் என்றே வைத்தாலும் ஏறத்தாழ 1,240 ஆட்டங்கள் வேண்டும். 26 ஆண்டுகளில் ஆண்டுக்கு 48. பிரேசிலில் தொழில்முறைக் கால்பந்து வந்ததே 1933இல்தான். அதற்கு முன் ஆட்டம் பெரும்பாலும் ஞாயிறன்றும் விடுமுறை நாள்களிலும்தான். ஆண்டுக்கு 52 ஞாயிறு என்றால் ஏறக்குறைய எதையும் தவறவிடாமல் ஆடியிருக்க வேண்டும். 1918இல் பெருங்காய்ச்சல் பரவித் தென்னமெரிக்கப் போட்டியே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. 1925இல் பவுலிஸ்டானோவுடன் ஐரோப்பா சென்றபோது ஆடியவை பத்து ஆட்டங்கள். கப்பலில் கழிந்த வாரங்களில் ஏது ஆட்டம்? 1932இல் சாவோ பாலோவின் கிளர்ச்சிப் போரில் அவரே படையில் சேர்ந்தார். இத்தனை இடைவெளிகளையும் கழித்தால் 1,239க்கு நாள் போதாது. ஆந்த்ராடா பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. பயிற்சி ஆட்டங்களும் அரைமணி நேரப் போட்டிகளும் அவர் தாள்களில் சேர்ந்திருக்கக்கூடும். இழந்துபோன ஒரு தாளைப் பற்றி இதற்கு மேல் சொல்வது தகாது.

பெலே பக்கம் பார்த்தால் அங்கும் தரை கெட்டியாக இல்லை. 1,283இல் சாண்டோஸ், நியூயார்க் காஸ்மோஸ், பிரேசில் அணி ஆகியவற்றோடு ராணுவ அணிக்காகவும் மாநிலத் தேர்வு அணிக்காகவும் போட்ட கோல்களும் அடங்கும். 1969 நவம்பர் 19 அன்று மரக்கானாவில் வாஸ்கோவுக்கு எதிராகப் பெனால்டியில் வந்தது ஆயிரமாவது கோல் என்பது உலகறிந்தது. 1995இல் ‘ஃபோல்யா டி சாவோ பாலோ’ நாளிதழ், 1959இல் ராணுவ அணிக்காக அவர் போட்ட ஒரு கோல் விடுபட்டிருப்பதாகக் கண்டது. அதைச் சேர்த்தால் ஆயிரமாவது கோல் ஐந்து நாள் முன்னதாக, ஜோவோ பெசோவா நகரில் விழுந்துவிட்டது. எண்ணற்ற கேமராக்கள் காத்திருந்த கணக்கே இப்படியென்றால், தந்தையின் குறிப்பேட்டில் இருந்ததை எவ்வளவு நெகிழ்வோடு அணுக வேண்டும்!

2020 டிசம்பரில் இதே வழக்கு வேறு பெயர்களில் மீண்டும் வந்தது. பார்சிலோனாவுக்காக மெஸ்ஸி 644ஆவது கோலைப் போட்டதும், ஒரே கிளப்புக்கான பெலேயின் 643 முறியடிக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சாண்டோஸ் கிளப் அதை ஏற்கவில்லை. தங்கள் கணக்கில் பெலேக்கு 1,091 என்றது. ஒதுக்கப்பட்ட 448 நட்பு ஆட்டக் கோல்கள் இன்டர் மிலான் போன்ற அணிகளுக்கு எதிரானவையும்தான் என்று வாதிட்டது. என் பார்வையில் சாண்டோஸின் வாதம் சரி. வெளிநாட்டுச் சுற்றுப்பயணமே கிளப்பின் வருமானமாக இருந்த காலத்தில் நட்பு ஆட்டம் ஒப்புக்கு ஆடியது அல்ல. பவுலிஸ்டானோவின் 1925 பயணத்துக்கும் இது பொருந்தும். பிரான்ஸை 7-2 என்று வென்றதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

விதி மாற்றத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1925 வரை பந்து பெறும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருந்தாக வேண்டும், இல்லையேல் ஆப்சைடு. அது இருவராகக் குறைந்ததும் இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் கோல்கள் 4,700இலிருந்து 6,373ஆக உயர்ந்தன. ஆட்டங்களின் எண்ணிக்கை மாறவில்லை. இந்த விகிதத்தை அப்படியே சாவோ பாலோவுக்குக் கொண்டுவர நான் துணியமாட்டேன். ஆனால் ஃபிரீடன்ரைக்கின் 26 ஆண்டுகளில் 16 பழைய விதியின் கீழ் கழிந்தவை. அவருடைய 29, 30ஆம் வயதுகளும் அதில் அடங்கும். 1919 மே 29 அன்று, 150 நிமிடம் நீண்ட ஆட்டத்தில் உருகுவேயை வீழ்த்தி பிரேசிலுக்கு முதல் தென்னமெரிக்கப் பட்டம் தந்த ஒற்றைக் கோலும் அவ்விதியின் கீழ் வந்ததே.

ஆகவே என் முன்மொழிவு இது. 554ஐச் சான்றுள்ள கீழெல்லை என்றும், 1,239ஐச் சான்றற்ற வாய்மொழி என்றும், 1,329ஐ அதன் பிறழ்ந்த பாடம் என்றும் பட்டியல்களில் தனித்தனியே குறிக்க வேண்டும். பெலேயோடு ஒப்பிட விரும்புவோர் இருவருக்கும் பொதுவான ஒரே வகை ஆட்டத்தை, அதாவது சாவோ பாலோ மாநில லீக் ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயம். டா கோஸ்டா எண்ணியது இதழ்கள் கணினிக்கு வருமுன். இன்று ‘கொரெயோ பவுலிஸ்டானோ’வின் பழைய இதழ்கள் பிரேசில் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் கிடைக்கின்றன. சிற்றூர் ஆட்டங்களுக்காக அவற்றில் 1909 முதல் 1917 வரையிலான பக்கங்களை மறுபடி எண்ண வேண்டும். 554 உயருமானால் அங்கிருந்துதான் உயரும்.