மாதிரி இல்லாத சரக்கு

அப்பா உபயோகித்த கணக்குப்பிள்ளை மேசை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுகிற சாய்வு மேசை. மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே பேரேடு, மைக்கூடு, ரசீதுக் கட்டு வைக்க இடம். விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் மண்டியில் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதினார். மண்டியை மூடியபோது முதலாளி அந்த மேசையை அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். சில வருடங்களுக்கு முன் ஒரு அடைமழையில் மச்சு ஒழுகி மேல்பலகை ஊறிப்போனது. பிறகு கரையானும் ஏறியது. மற்ற பாகமெல்லாம் கல் மாதிரி இருக்க, மூடி மட்டும் கையோடு பொடியாக வந்தது.

தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் தச்சு வேலை. மனைப்பலகை, புத்தக அலமாரி, பேத்திக்கு நடைவண்டி என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன். மேசை மூடியை நானே செய்வது என்று முடிவு செய்தேன். மூன்றடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஓர் அங்குலக் கனத்தில் இரண்டு தேக்குப் பலகை வேண்டும். கணக்குப் போட்டால் இரண்டும் சேர்ந்து அரை கன அடிகூட வராது. இவ்வளவு சின்ன அளவுக்கு மரக்கடைக்குப் போனால் சிரிப்பார்கள் என்று நினைத்து, சென்னையில் இருக்கும் மகனிடம் சொன்னேன். அவன் போனிலேயே ஆர்டர் போட்டான். தை மாதம் பலகைகள் வாசலுக்கே வந்து இறங்கின. இழைத்து வழவழவென்று, படத்தில் பார்த்தது போலவே இருந்தன. அன்று மாலையே இணைத்து, மேசையில் பொருத்தி, வார்னிஷும் அடித்துவிட்டேன்.

சித்திரை வந்தது. நம் ஊர்ச் சித்திரையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பலகை ஓடு மாதிரி வளைந்தது. இன்னொன்று முறுக்கிக்கொண்டது. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. புகைப்படம் எடுத்து அனுப்பினோம். பத்து நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அவர்கள் விதி அது. ஆனால் மரம் தன் குணத்தைக் காட்ட ஒரு கோடையாவது வேண்டும். பத்து நாளில் அது எதைக் காட்டும்?

அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. தூரத்திலிருந்து கண்ணால் காணாமல் வாங்குவதும் விற்பதும் நம் ஊருக்குப் புதிதே அல்ல. அதுதான் நம் ஊரின் பிழைப்பு. 1876-ல் மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை வந்த பிறகு, விருதுபட்டி என்று பெயர் இருந்த காலத்திலேயே, பருத்தியும் வத்தலும் இங்கிருந்து வெளியூர் போயின. இன்றைக்கும் விருதுநகர் மார்க்கெட் விலை நிலவரம் நாளிதழ்களில் வருகிறது. வாங்குபவர் ஒரு ஊரில், சரக்கு இன்னொரு ஊரில். எப்படி நடந்தது இந்த வியாபாரம்?

மாதிரியை வைத்துத்தான். அப்பா ஒரு கைப்பிடி வத்தலைச் சின்னத் துணிப்பையில் கட்டி, சீட்டு எழுதி அனுப்புவார். அந்தப் பக்கம் நிறம் பார்த்து, ஒடித்துப் பார்த்து, காரம் பார்த்து விலை சொல்வார்கள். போன மூட்டைகள் மாதிரிப்படி இல்லையென்றால் விலையை வெட்டுவார்கள். ஒரு கைப்பிடி வத்தல் நூறு மூட்டைக்குச் சாட்சி சொல்லும்.

சிவகாசியும் அப்படித்தான். நான் தபால் ஆபீசில் இருந்த காலத்தில் கேலண்டர் மாதிரிகளும் விலைப்பட்டியல்களும் கட்டுக் கட்டாக வந்து போகும். வி.பி.பி. பார்சல்களுக்குக் கையெழுத்து வாங்கியே என் விரல் தேய்ந்திருக்கிறது. ஆல்பத்தில் முருகன் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால், ஆயிரம் கேலண்டரிலும் அதே முருகன்தான் வருவார்.

மரத்திலேயே கூட இதற்கு ஓர் உதாரணம் உண்டு: தீக்குச்சி. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். தீக்குச்சிக்கு வேண்டியது மென்மரம். அது பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து வந்தது. தடியைச் சுழற்றி ஏடாகச் சீவி, ஒரே அளவில் குச்சியாக நறுக்கிவிட்டால் எந்தக் குச்சியும் எந்தக் குச்சிக்கும் மாதிரிதான். மூட்டையாக வாங்கலாம், மூட்டையாக விற்கலாம்.

ஆனால் பலகை அப்படி இல்லை. ஒரே தடியில் அறுத்த இரண்டு பலகைகூட ஒன்றுபோல் இருக்காது. ஒன்று நடுவைரத்திலிருந்து வரும், அடுத்தது ஓரத்து வெள்ளையோடு வரும். ஒன்றில் கணு இருக்கும், மற்றதில் இருக்காது. ஒரு பலகையைக் காட்டி இன்னொன்றை விற்க முடியாது. அதனால்தான், ஊரே கடுதாசியில் வியாபாரம் செய்த நாளிலும், வீட்டுக்கு மரம் வாங்க மட்டும் நம் பெரியவர்கள் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு நேரில் போனார்கள்.

அந்த மரம் எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு பெரிய கதை. நம் கரிசல் பூமியில் தேக்கு கிடையாது. உள்ளூர் மரம் உள்ளூர் வேலைக்கு: ஏருக்கும் வண்டிக்கும் கருவேலம், நுகத்தடிக்கு எடை குறைந்த மஞ்சணத்தி, செக்குக்கு வாகை, கூரைச் சட்டத்துக்குப் பனை, சாமான்களுக்குப் பூவரசு. தேக்கு வேண்டுமென்றால் மேற்கே பார்க்க வேண்டும், இல்லையென்றால் கடலைப் பார்க்க வேண்டும்.

மேற்கே ஆரியங்காவு கணவாய். 1904-ல் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் ஓடியது. 1927-ல் விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை வந்து அதோடு இணைந்தது. மலைநாட்டுச் சரக்குக்கு அது ராஜபாட்டை. இன்னும் வடக்கே நிலம்பூரில், மலபார் கலெக்டர் கனோலி 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்துவிட்டார். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள்.

கடல் பக்கம் பர்மா. தேக்குக்கு அங்கே இருந்த மதிப்புக்கு ஒரு சாட்சி: 1885-ல் ஆங்கிலேயர் மேல் பர்மாவின் மீது படையெடுக்கக் காட்டிய காரணமே, பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற மரக் கம்பெனிக்கு மன்னர் தீபாவின் அரசு விதித்த அபராதம்தான். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் பர்மாத் தேக்கு. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அந்த வரத்து அறுந்தது. பிறகு ஓரளவு வந்துகொண்டிருந்த பர்மாத் தடியும், 2014 ஏப்ரலில் அந்நாடு தடியாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்ததும் நின்றது. இங்கே 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு, காட்டில் மரம் வெட்டுவதைக் கட்டிப்போட்டது. தோதகத்திக்கு, அதாவது ஈட்டி மரத்துக்கு, 1994-லேயே தமிழ்நாட்டில் தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

இப்போது கடைகளில் இருக்கும் தேக்கில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வருவது. நம் பக்கத்துக்குத் தூத்துக்குடி துறைமுகம் வழி. பெரும்பாலும் தோட்டத்தில் வளர்த்து, இருபது இருபத்தைந்து வருடத்தில் வெட்டிய மரம். இளமரத்தில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். ஆகவே உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் உள்ளூர் மரம் இல்லை. வாங்குகிற இடம்தான் உள்ளூர்.

உள்ளூரில் ஏமாறவே இல்லையா என்று கேட்பீர்கள். ஏமாந்திருக்கிறேன். 1989-ல் நான் வீடு கட்டியபோது ஒரு கடையில் வாங்கிய ஜன்னல் சட்டத்தில் வெள்ளைக்கட்டையைச் சாயம் பூசி மறைத்திருந்தார்கள். மூன்றாவது வருடம் உளுத்து மாவாகக் கொட்டியது. ஆசாரிக்கும் கடைக்கும் நடுவில் ஒரு கமிஷன் உண்டு என்பதும் ஊரறிந்த ரகசியம். ஆனால் அந்த மாவை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரர் மேசையில் வைக்க முடிந்தது. நாலு பேர் முன்னால் அவர் தலையைச் சொறிந்தார். வேறு சட்டம் கொடுத்தார். கூலி மட்டும் என் தலையில்.

வளைந்த மூடியை எடுத்துக்கொண்டு, இடித்த வீடுகளின் பழைய மரம் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். என்னைவிட வயதில் மூத்த அண்ணாச்சி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "என்ன வேலைக்கு சார்?" என்றுதான் முதலில் கேட்டார். எத்தனை வேண்டும் என்று கேட்கவில்லை. மூடியைக் கொடுத்தேன். அவர் பலகையின் முகத்தைப் பார்க்கவேயில்லை. திருப்பி, தலைப்பு வெட்டைப் பார்த்தார்.

"ரேகை படுத்திருக்கு பாருங்க. இது வளையத்தான் செய்யும். ரேகை நட்டமா நிக்கிற பலகையா எடுக்கணும். அதோட, வந்த அன்னைக்கே அடிச்சிட்டீங்களா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஈரக்காத்து ஊர்ல கிடந்த மரம் நம்ம ஊருக்கு வந்தா ஒரு மாசமாவது வீட்டுக்குள்ள சும்மா கிடக்கணும் சார். அது தண்ணி விட்ட பொறவுதான் உளி வைக்கணும்."

விற்றவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்று அப்போது புரிந்தது. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் ரேகை படுத்த பலகை வளைகிறது. படத்தில் பலகையின் முகத்தைத்தான் காட்டியிருந்தார்கள், வெட்டுமுகத்தை இல்லை. காட்டியிருந்தாலும் எனக்கு அப்போது பார்க்கத் தெரியாது.

அன்று ஒரு மணி நேரம் அவரிடம் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். காய்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் பதினெட்டு இருபது கிலோ. என் பலகை ஒன்று மூன்றரைக் கிலோ இருக்க வேண்டும். ஐந்து கிலோ என்றால் ஈரம், இல்லாவிட்டால் வேறு மரம். ஓரத்தைச் சீவிப் பார்த்தால் எண்ணெய்ப் பிசுக்கும் வாசனையும் தெரிய வேண்டும். வெளிறிய பட்டை ஓடினால் அது வெள்ளை, கரையானுக்கு விருந்து.

தடியாக வாங்குகிறவர்கள் அளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருப்பது காற்சுற்றுக் கணக்கு. சுற்றளவு நாலடி, நீளம் பத்தடி என்றால், நாலில் கால் ஒன்று, ஒன்றை ஒன்றால் பெருக்கிப் பத்தால் பெருக்கினால் பத்து கன அடி. உண்மையில் தடியில் இருப்பது பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம், அறுக்கும்போது போகிற சிலாம்புக்கும் தூளுக்கும். அறுத்த சட்டத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. இரண்டையும் குழப்பி விலை கேட்டால் நஷ்டம் நமக்கு.

ஆன்லைனில் வாங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன அளவில், இழைத்து, வாசலுக்கே கொண்டுவருவது என்னைப் போன்ற கிழவனுக்குப் பெரிய உதவி. இழைப்புளி, உளி எல்லாம் இன்றும் அப்படித்தான் வாங்குகிறேன். அவற்றுக்கு மாதிரி உண்டு. கேரள வனத்துறை டிப்போக்களிலேயே தேக்கை இப்போது இணைய ஏலத்தில் விற்கிறார்கள். ஆனால் அங்கும் ஏலத்துக்கு முன்னால் தடிகளை நேரில் பார்க்கலாம். விவரம் தெரிந்த வியாபாரி போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் விலை வைப்பார். ஏலம்தான் கணினியில், பார்வை இன்னும் கண்ணில்தான்.

அண்ணாச்சி ஒரு பழைய வீட்டு நிலைக்கதவிலிருந்து இரண்டு பலகை எடுத்துக் கொடுத்தார். எத்தனையோ சித்திரையைப் பார்த்துவிட்ட மரம். ஆணித்துளை நாலைந்து இருந்தது, தக்கை வைத்து அடைத்தேன். இந்த முறை ஒரு மாதம் வீட்டுக்குள் கிடத்திவிட்டு, அப்புறம் உளி வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு கோடை போய்விட்டது. மூடி அசையவில்லை. பேத்தி அதில் வைத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

போன மாதம் அந்தக் கடைப் பக்கம் போனேன். அண்ணாச்சிக்கு முடியவில்லையாம். மகன் உட்கார்ந்திருந்தார். பாதி இடத்தில் பிளைவுட் அடுக்கியிருக்கிறது. பிளைவுட்டுக்கு மாதிரி உண்டு, ஒன்றைப் பார்த்து நூறு விற்கலாம். பையன் மேல் தப்பில்லை. அண்ணாச்சி எப்படியிருக்கிறார் என்று விசாரித்துவிட்டு, மறுநாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். நம் வீட்டுக் கதவு என்ன மரம் என்று அவளுக்கு அவர்தான் சொன்னார். நான் இத்தனை வருடம் தேக்கு என்று நினைத்திருந்தேன். வேம்பாம்.