சாவுமேளம் மேடையேறிய கதை

பறையின் எழுச்சி பற்றி எழுதுகிறவர்கள் மேடையிலிருந்து தொடங்குகிறார்கள். அடித்தவர்களைக் கேட்டால் சாவு வீட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். செல்லிப்பட்டு சேரியில் பிறந்து மேளம் பழகியவன் நான். எனக்கும் ஆரம்பம் அதுதான்.

சங்கராபரணி ஆற்றங்கரை ஊர் இது. ஊர்ப் பக்கம் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். எங்க பெரியப்பா கூட்டாளிகளைச் சேர்த்துக்கிட்டுப் போவார். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, பாடை கிளம்பி சுடுகாடு போய்ச் சேர்ற வரைக்கும் அடிக்கணும். கூலி பேச முடியாது. கொடுக்கிற அரிசி, சில்லறை, சாராயம், அவ்வளவுதான். "அடியை ரசிப்பானுங்க, அடிக்கிறவனைத் திண்ணையில ஏத்த மாட்டானுங்க" என்பார்.

தொல்காப்பியம் பறையை நிலத்தின் கருப்பொருள்களில் ஒன்றாக வைக்கிறது. அப்படிப்பட்ட கருவியைச் சாவோடு சேர்த்து ஒரு சாதியின் தலையில் கட்டி, மறுக்க முடியாத ஊழியமாக்கியது சாதி. இழிவு தோலில் இல்லை, அந்தக் கட்டாயத்தில் இருந்தது.

1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் சேரிகளில் இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று, இனி அடிக்க மாட்டோம் என்றது. 1927இல் மகாடில், செத்த மாட்டிறைச்சியை விட்டொழியுங்கள் என்று அம்பேத்கர் சொன்னதை இந்தக் குரல் பறைக்கும் பொருத்தியது. மற்றொன்று, அடிப்போம், ஆனால் நமக்காக அடிப்போம் என்றது.

இரண்டாவது குரலுக்கு ஒலிநாடா கால் கொடுத்தது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை முன்வைத்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டு, கே.ஏ. குணசேகரன் குரலில் சேரி சேரியாகப் போனது. புதுவைப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பேராசிரியராக இருந்தவர் அவர். 'வடு' எழுதியவர். 2016இல் மறைந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். ஆண்களின் சாவுவேலை என்றிருந்த கருவி அங்கே வேறொன்றாயிற்று.

எங்கள் சேரியிலும் சண்டை நடந்தது. "அம்பேத்கர் படத்துக்கு முன்னாடி இந்த எழவு மேளமா?" என்று படித்த பிள்ளைகள் கேட்டார்கள். "அப்ப நாங்க கத்துக்கிட்டது எழவா?" என்று பெரியப்பா கேட்டார். ஒரு நாள் ஊர்ச் சாவுக்கு ஆள் வந்தபோது அவரே வரமுடியாது என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாள் கழித்து அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலத்தில் முன்னால் நின்று அடித்தவரும் அவர்தான். இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிற ஆய்வாளர்களை நான் ஏற்கவில்லை. ஊருக்கு மறுக்க முடிந்த பிறகுதான் மேடையில் அடிப்பது கலையாகிறது. மறுப்பு இல்லாமல் மேடை மட்டும் கிடைத்திருந்தால், அது சாவுமேளத்துக்குப் புதுப் பந்தல் போட்ட மாதிரிதான்.

அடுத்த தலைமுறை கிதாரோடு வந்தது. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் நிகழ்ச்சியை நடத்தியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசர் வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து பெயர் எடுத்தார்கள். கானாவும் ராக்கும் ராப்பும் பறையும் ஒரே மேடையில் நின்றன. அமெரிக்கக் கறுப்பர்களின் வலியிலிருந்து பிறந்த ப்ளூஸிலிருந்து ராக் வளர்ந்தது என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை ஆச்சரியம் தராது.

2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சந்தோஷம்தான். இப்போது நகரத்துப் பிள்ளைகள், எல்லாச் சாதியும், பணம் கட்டிப் பறை கற்கிறார்கள். கற்கட்டும். ஆனால் அடவு சொல்லித் தருகிறபோது, அந்த அடி எந்தச் சேரியில், யார் கையில் இருந்தது, அவர்கள் எதற்காக அதை ஒருமுறை கீழே வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாணவத் தோழர்கள் பதிவுக்கருவியோடு வரும்போது வயசான மேளக்காரர்களிடம் தாளம் மட்டும் கேட்காதீர்கள். எந்தச் சாவுக்குப் போக மறுத்தீர்கள், அதற்கு ஊர் என்ன செய்தது என்றும் கேளுங்கள்.