கோலாரின் ஆழமும் மேசைமேல் கருவியும்

காஸ்மிக் கதிர் ஆய்வு வரலாற்றில் கோலார் தங்கவயலுக்குத் தனியிடம் உண்டு. 1950களின் தொடக்கத்தில் பி. வி. ஸ்ரீகண்டன் அங்கே மியூவான்களை அளக்கத் தொடங்கினார். 1965இல், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், டர்ஹாம் பல்கலைக்கழகம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கூட்டுக் குழு வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவுசெய்தது.

துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகளும், அவை ஒருசேர ஒளிர்ந்தால் மட்டுமே பதிவைத் தூண்டும் மின்சுற்றும் அக்கருவியின் அடிப்படை. அந்த விதி கம்பி இணைப்பிலேயே அமைந்தது. விதியை மாற்றச் சுற்றையே மாற்ற வேண்டும். இன்று எம்.ஐ.டி.யில் உருவான காஸ்மிக்வாட்ச் என்னும் திறந்தமூலக் கருவியில், அத்தகைய தகடு ஒன்று அர்டுயினோ நானோவோடு இணைகிறது. நுண்கட்டுப்படுத்தியில் முன்பே பதிந்துள்ள பூட்லோடர், யூஎஸ்பி வடம் வழியே வரும் புதிய நிரலை ஏற்கிறது; தனி நிரலேற்றி தேவையில்லை. வரைபடமும் நிரலும் பொதுவில் இருப்பதால் கல்லூரி மாணவரும் அதைச் செய்யலாம், திருத்தலாம்.

ஆயினும் அம்மேசையில் நியூட்ரினோ சிக்காது. மேலிருந்து பொழியும் மியூவான்களைத் தடுக்கப் பாறை வேண்டும். கோலாரில் அந்த ஆழத்தை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. நிரலைப் படியெடுக்கலாம், ஆழத்தைப் படியெடுக்க இயலாது. கருவி செய்தோர் வரிசையில் அத்தொழிலாளரையும் சேர்த்தெழுதுவதே முறையான அறிவியல் வரலாறு.