வளைந்த திரையும் தட்டைத் திரையும்

கணிப்பொறியின் திரை வளைந்திருத்தல் நன்றா, தட்டையாக இருத்தல் நன்றா என்னும் கேள்வி இன்று கல்லூரி மாணவரிடையே அடிக்கடி எழுகின்றது. கடைக்காரரைக் கேட்டால் விலை மிகுந்ததே சிறந்தது என்பார். கேள்வி புதியது போலத் தோன்றினும், அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதனைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், கடைக்காரரைக் கேளாமலேயே விடை கண்டுவிடலாம்.

அயர்லாந்தில் பிறந்து ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் வாழ்ந்தவர் ராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர். ஒரு குன்றின் மேல் நின்று நாற்புறமும் சுற்றிப் பார்த்தால் தோன்றும் காட்சி முழுவதையும் ஒரே ஓவியமாக்க அவர் விரும்பினார். தட்டையான சீலையில் அது எவ்வாறு இயலும்? வட்டமாக வளைத்துக் கட்டிய சீலையின் உட்புறத்தில் காட்சியைத் தீட்டும் முறையை வகுத்து, 1787-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1793-இல் இலண்டன் மாநகரின் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. இருண்ட நடை வழியாகச் சென்று, நடுவிலிருந்த மேடையில் ஏறி நிற்பவர், தாம் ஓர் ஓவியத்தைக் காண்கிறோம் என்பதையே மறந்தனராம். ஓவியத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மறைத்து, வெளிச்சத்தை மேலிருந்து வரச் செய்திருந்தார் பார்க்கர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பார்வையாளரை அவர் விரும்பிய இடத்திலெல்லாம் உலாவ விடவில்லை. நடு மேடையில்தான் நிறுத்தினார். வளைந்த திரைக்கு உரிய இடம் அதன் நடுவே என்பதை அந்த ஓவியர் அன்றே நன்கு உணர்ந்திருந்தார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணப் போரை, அடுத்த ஆண்டே இராபர்ட் கெர் போர்ட்டர் என்பவர் அரைவட்டப் பெருஞ்சீலையில் தீட்டி இலண்டனில் காட்டினார். நம் நாட்டுப் போர் ஒன்று அந்நகர மக்களுக்கு வளைந்த திரையில் கட்டணக் காட்சியாயிற்று!

சினிமாவிலும் இவ்வாசை தலைகாட்டாமல் இல்லை. பிரெட் வாலர் என்னும் அமெரிக்கர் நுட்பமான ஓர் உண்மையைக் கண்டார். நேரே உள்ள பொருளைக் கண்ணின் நடுப்பகுதி கூர்ந்து காண்கிறது. ஆயின், நாம் ஓடுகிறோம், விழுகிறோம் என்னும் உணர்வைத் தருவதில் கண்ணின் ஓரப் பார்வைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே ஓரப் பார்வையையும் நிரப்பும் திரை வேண்டும் என்று அவர் கருதினார். இரண்டாம் உலகப் போரில் விமானத் துப்பாக்கி வீரருக்குப் பயிற்சியளிக்க, கோளத்தின் உட்புறம் போன்ற திரையில் ஐந்து யந்திரங்களால் படம் காட்டும் சாதனம் ஒன்றை அமைத்தார். அதில் ஒரு வேளைக்கு ஒரு சிலரே பயின்றனர். ஆதலால் குறை ஒன்றும் தோன்றவில்லை.

போர் முடிந்தபின் அதையே ஆயிரம் பேர் அமரும் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். 1952 செப்டம்பர் 30-ஆம் நாள் நியூயார்க்கில் 'சினிராமா' அரங்கேறியது. 146 பாகை அளவுக்கு வளைந்த திரை. மூன்று யந்திரங்கள் பக்கம் பக்கமாக வீசும் மூன்று படங்கள். பொழுதுபோக்குப் பூங்காவின் ஏற்ற இறக்கத் தண்டவாளத்தில் வண்டி பாய்ந்த காட்சியில் மக்கள் நாற்காலிக் கைகளை இறுகப் பற்றிக்கொண்டனர்.

ஆயினும் வளைவு தன் கூலியைக் கேட்டது. திரையின் இடக்கோடியில் விழுந்த ஒளி எதிரே உள்ள வலக்கோடியில் தெறித்துப் படத்தை வெளுக்கச் செய்தது. அதனைத் தடுக்க, திரையையே ஆயிரத்துக்கு மேற்பட்ட செங்குத்து நாடாக்களாகப் பிரித்து, சன்னற் பலகைகள் போல் சாய்த்து அமைக்க வேண்டியதாயிற்று. மூன்று படங்களும் கூடும் இடத்தில் இணைப்புக் கோடு தெரிந்தது. எல்லாவற்றிலும் பெரிய குறை, நடுவில் அமர்ந்தவருக்குக் கிடைத்த காட்சி ஓரத்தில் அமர்ந்தவருக்குக் கிடைக்கவில்லை என்பதே. அவரும் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர் அன்றோ? இம்முறையில் கதைப் படங்கள் 1962-இல் வெளிவந்த இரண்டோடு நின்றன. 1953-இல் வந்த சினிமாஸ்கோப்பிலும் திரை சிறிது வளைந்ததுண்டு. எனினும் அதில் அகலத்தைத் தந்தது திரையன்று, கண்ணாடி வில்லை. ஆதலால் தட்டைத் திரைக் கொட்டகைகளிலும் அது எளிதில் பரவிற்று. 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக 'ராஜராஜ சோழன்' வந்தபோது நம் ஊர்களிலும் அந்த அகலத்தைக் கண்டோம்.

இனி வீட்டுப் பெட்டிக்கு வருவோம். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரை வெளிப்புறம் புடைத்திருந்ததைப் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். அது அழகுக்காகவோ கண்ணுக்காகவோ அமைந்ததன்று. எதிர்மின் கதிர்க் குழாயினுள் காற்று இல்லை. வெளியே வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரத்துடன் அழுத்துகின்றது. 40 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள முகத்தின்மீது சுமார் 1,200 கிலோகிராம் பாரம்! பாலத்தின் வளைவு சுமை தாங்குவது போல, புடைத்த கண்ணாடி அதனைத் தாங்கிற்று. நேர்க்கோடு ஓரத்தில் வளைந்து தெரிவதும், அறையின் விளக்கெல்லாம் திரையில் மின்னுவதும் அதனால் வந்த தொல்லைகள். அத் தொல்லையைப் போக்கித் தட்டைத் திரை பெறப் பொறியாளர் பல்லாண்டு பாடுபட்டனர். திரவப் படிகத் திரை பரவியபின்தான் அவ்வுழைப்பு முழுப் பயன் தந்தது.

அவ்வாறு வருந்திப் பெற்ற தட்டையை மீண்டும் வளைத்தார்கள் என்றால் வியப்பாக இல்லையா? 2013-இல் தென்கொரிய நிறுவனங்களான சாம்சங்கும் எல்ஜியும் உட்புறம் வளைந்த தொலைக்காட்சிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. சில ஆண்டுகளிலேயே அவற்றின் மவுசு குறைந்தது. ஆனால் அதே வளைவு கணிப்பொறித் திரையில் நிலைத்துவிட்டது. காரணத்தை ஒன்பதாம் வகுப்புக் கணக்கைக் கொண்டே காணலாம். காகிதமும் எழுதுகோலும் எடுங்கள்.

55 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால், திரையின் நடு 300 சென்டிமீட்டரில் இருக்க, விளிம்பு 306 சென்டிமீட்டரில் இருக்கும். நூற்றுக்கு இரண்டே பங்கு வேற்றுமை! அதைத் தீர்க்க வளைவு எதற்கு? மாறாக, 34 அங்குல அகன்ற கணிப்பொறித் திரையின் அகலம் சுமார் 80 சென்டிமீட்டர். அதன் முன் 60 சென்டிமீட்டரில் அமர்ந்தால் விளிம்பு 72 சென்டிமீட்டரில் நிற்கிறது. ஐந்தில் ஒரு பங்கு வேற்றுமை. விளிம்பைக் காணும் பார்வையும் 34 பாகை சரிந்து விழுகிறது. சாய்ந்து பார்க்குங்கால் திரவப் படிகத் திரைகள் சிலவற்றில் நிறமும் ஒளியும் மங்கும். கடைகளில் '1800ஆர்' என்று குறிப்பிடுவது 1,800 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. அத்தகைய வளைவில் விளிம்பு 68 சென்டிமீட்டருக்கு நெருங்குகிறது; சரிவும் 23 பாகையாகக் குறைகிறது. '1000ஆர்' என்றால் விளிம்பு 65 சென்டிமீட்டர். தனியே அமர்ந்து அகன்ற திரையில் பணி செய்வோர் வளைவை விரும்புவதில் நியாயம் உண்டு. நேர்க்கோடு வரைந்து பிழைக்கும் கட்டட வரைவாளர் அதை விரும்பாமையிலும் நியாயம் உண்டு.

ஆனால் 19 அங்குலத் திரையில், அதே 60 சென்டிமீட்டரில், நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள வேற்றுமை நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்டதே.

சில திங்களுக்கு முன் ஒரு கிராமப் பள்ளியின் பழைய மாணவர்கள் கணிப்பொறி அறைக்கு நன்கொடை திரட்டினர். இளைஞர் சிலர் வளைந்த திரையே வேண்டும், பட்டணத்துப் பிள்ளைகளுக்கு நம் பிள்ளைகள் குறைந்தவரா என்று கேட்டனர். அவர்கள் கேட்டதில் இருந்த நல்லெண்ணம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த அறையில் ஒரு கணிப்பொறிக்கு மூன்று பிள்ளைகள். வளைவின் நடுவே ஒருவன் அமர்வான். மற்ற இருவர் சினிராமாக் கொட்டகையின் ஓரச் சீட்டுக்காரராவர். அவ்விருவர் பெரும்பாலும் யார் என்று ஆசிரியராக இருந்தவர் எவரும் அறிவர்: தள்ளிக்கொண்டு முன்னே வரத் தெரியாத பிள்ளைகள்.

மேற்கண்ட கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். முதலில் மறுத்துப் பேசிய இளைஞரே எழுந்து வந்து பார்க்கரின் வட்டத்தை வரைந்து, நடுவில் ஒரு புள்ளியும் ஓரங்களில் இரண்டு புள்ளிகளும் வைத்தார். தட்டைத் திரைகள் வாங்கினர். மிஞ்சிய பணத்தில், மூவரும் சரியான உயரத்தில் அமர்ந்து பார்க்க, அவ்வூர்த் தச்சரைக் கொண்டே நீள விசிப்பலகைகள் செய்வித்தனர்.